உருமாறிய படர்தாமரை: எட்டு மாதம் கூட்டுக் களிம்பு தடவிய ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 34 வயது ஆண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் வேலை. மனைவி, ஆறு வயது மகள், இன்னும் தாய்ப்பால் குடிக்கும் மகன், தாயார் என ஐந்து பேர் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள். நீராவிப் பெட்டியின் முன்னால் நாள் முழுக்க நிற்கும் வேலை என்பதால் ஜீன்ஸும் உள்ளாடையும் காலையிலேயே நனைந்துவிடும். ஷிப்ட் முடியும்வரை மாற்ற வழியில்லை.

தொல்லை தொடை இடுக்கில் நாணய அளவு சிவந்த வட்டமாகத் தொடங்கியது. வண்டுகொல்லி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசியிருக்கிறார். எரிச்சல் தாங்காமல் அதை நிறுத்திவிட்டு மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினார். 15 கிராம் டியூப்; உறையில் நான்கு மருந்துகள்: குளோபிடாசால், ஓஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபைன். முதலில் இருப்பது மிகக் கடுமையான ஸ்டீராய்டு. இரண்டாவது பாக்டீரியாவுக்கானது. மூன்றாவதற்குத் தோல் பூஞ்சையோடு தொடர்பே இல்லை. நான்காவது மட்டுமே இந்த நோய்க்கு உரியது.

“தடவுனா ரெண்டே நாள்ல அடங்கிடுதுங்க. விட்டா பத்து நாள்ல மறுபடியும் வந்துருதுங்க” என்பது அவர் சொன்ன வரலாறு. நோயின் முழு இயக்கமும் இந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. படர்தாமரையின் சிவப்பும் அரிப்பும் வளையமும் பூஞ்சை நேரடியாகச் செய்பவை அல்ல. பூஞ்சையை விரட்ட உடல் நடத்தும் அழற்சியின் விளைவு. ஸ்டீராய்டு அந்த அழற்சியை அடக்குகிறது. அரிப்பு நிற்கிறது. எதிர்ப்பு குறைந்த தோலில் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் அழற்சி முன்னைவிட அகலமான பரப்பில் திரும்புகிறது. மறுபடியும் அதே களிம்பைத் தடவச் சொல்வது அந்த அரிப்புதான்.

ஐந்து நாளுக்கு ஒரு டியூப் தீர்ந்திருக்கிறது. வாரம் சுமார் 21 கிராம். இடையில் விட்ட நாட்களைக் கழித்தாலும் எட்டு மாதத்தில் அரை கிலோவுக்குக் குறையாது. குளோபிடாசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடக் கூடாது, வாரம் 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. இவர் வார அளவைத் தாண்டவில்லை. காலத்தைத்தான் பல மடங்கு தாண்டினார். அதுவும் தோல் மிக மெலிதாக இருக்கும், மருந்து மிக எளிதில் உள்ளே இறங்கும் தொடை இடுக்கில்.

முதல் வருகை: கண்ணில் பட்டவை

தோல் பிரிவுக்கு வந்தபோது தொடை இடுக்கு, புட்டம், இடுப்பைச் சுற்றிய பட்டை, அடிவயிறு ஆகிய இடங்களில் திட்டுகள் இருந்தன. முந்தைய சீட்டுகள் இரண்டில் ஒன்றில் ‘அலர்ஜி’ என்றும் மற்றொன்றில் ‘எக்சிமா’ (தோல் அழற்சி) என்றும் மட்டும் எழுதியிருந்தது. திட்டின் விளிம்பு எப்படி, மேற்பரப்பு எப்படி என்று ஒரு சொல்கூட இல்லை. இது சிறு குறையாகத் தெரியலாம், ஆனால் தோல் நோயில் வர்ணனைதான் பாதி நோயறிதல். தட்டையாக நிறம் மட்டும் மாறியிருந்தால், 1 செ.மீ.க்கு உட்பட்டது மேக்யூல், மேற்பட்டது பேட்ச். தொட்டால் மேடாகத் தெரிந்தால், சிறியது பாப்யூல், பரந்தது பிளேக். தெளிந்த நீர் கோத்திருந்தால் சிறியது வெசிகிள், பெரியது புல்லா. சீழ் கோத்திருந்தால் பஸ்டியூல். இவற்றின் மேல் பின்னால் வந்து சேர்பவை செதில், பொருக்கு, சொறிந்து சொறிந்து தடித்த தோல், மெலிந்த தோல். இந்தச் சொற்களில் எழுதிவைத்தால் அடுத்துப் பார்ப்பவர் அந்தத் தோலைப் பார்க்காமலே படம் பிடித்துக்கொள்வார். ‘எக்சிமா’ என்று எழுதினால் அந்த முடிவை மட்டும்தான் அவர் வாங்கிக்கொள்வார்.

அன்று வெளிநோயாளர் சீட்டில் பதிவானது இது. அடிவயிற்றில் உள்ளங்கை அளவு பிளேக். விளிம்பு ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல். செதில் மிகக் குறைவு. பரப்பின் நடுவே ஆங்காங்கே பாப்யூல்களும் சில பஸ்டியூல்களும். இடது புட்டத்தில் வளையத்துக்குள் இன்னொரு வளையம். இரு தொடைகளின் உட்புறமும் கர்ப்பிணி வயிற்றில் விழுவதைப் போன்ற சிவந்த ஊதா வரிகள். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. அதன் தடத்திலேயே திட்டும் ஓடுகிறது.

வழக்கமான படர்தாமரையின் அடையாளங்கள் எல்லாம் இங்கே கலைந்திருக்கின்றன. நடுப்பகுதி ஆறி விளிம்பு மட்டும் செதிலோடு முன்னேறுவது அதன் இயல்பு. இங்கே நடுவிலும் நோய் இருக்கிறது, செதிலைக் காணோம். ஸ்டீராய்டு தடவி உருமாறிப்போன படர்தாமரைக்கு ‘டினியா இன்காக்னிட்டோ’ என்று 1968-இல் பிரிட்டனில் ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். வளையத்துக்குள் வளையம் அதன் நல்ல தடயங்களில் ஒன்று: களிம்பு தடவிய காலமும் விட்ட காலமும் மாறி மாறி வந்ததைத் தோல் அப்படிக் காட்டுகிறது.

முதல் முடிவுகள்: சுரண்டலும் பயாப்ஸியும்

முதல் சோதனை, சுரண்டிய செதிலில் பூஞ்சை இழையைத் தேடும் கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு). செலவு சில ரூபாய்தான்; அரை மணி நேரத்தில் விடை கிடைக்கும். இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, 15-ஆம் எண் பிளேடைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, முன்னேறும் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் சேர்க்க வேண்டும். மேலே 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மூடுகண்ணாடி வைத்து 10 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு இலேசாகச் சூடு காட்டலாம், கொதிக்கவிட்டால் படிகம் படிந்து எதுவும் தெரியாது. நுண்ணோக்கியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கீழே இறக்கி, முதலில் 10 மடங்கு லென்ஸில் தேடி, 40-இல் உறுதி செய்ய வேண்டும். பூஞ்சை இழை ஒரே தடிமனில், குறுக்குச் சுவர்களோடு, கிளை பிரிந்து, செல்களின் எல்லையை வெட்டிக்கொண்டு ஓடும். செல்களின் எல்லையை ஒட்டியே வளைந்து வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை அல்ல. புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது அதில்தான். துணி நூலும் ஏமாற்றும்.

அன்றைய சோதனையில் எதுவும் தெரியவில்லை. காரணம் இரண்டு. முந்தைய இரவு அவர் களிம்பு தடவியிருந்தார். அதில் பூஞ்சை மருந்தும் இருக்கிறது. சுரண்டியது அடிவயிற்றுப் பிளேக்கின் நடுப்பகுதியில்; விளிம்பு மங்கலாக இருந்ததால் எது முன்னேறும் பக்கம் என்று புலப்படவில்லை. கே.ஓ.எச்.சில் இழை தெரிந்தால் அது உறுதியான சான்று. தெரியாமல் போனால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

நாள்பட்ட எக்சிமா, சொரியாசிஸ், தோலில் தொடங்கும் டி-செல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் ஆகியவற்றையும் விலக்க வேண்டும் என்று கருதி அன்றே பயாப்ஸி (தோல் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) எடுக்க முடிவானது. நீண்ட நாள் ஆறாத, இடுப்பிலும் புட்டத்திலும் உள்ள பிளேக்குக்கு இந்தக் கவலை நியாயமானதே. மரத்துப்போக 2% லிக்னோகெயின் போட்டு, பஸ்டியூல் உள்ள பகுதியில் 4 மி.மீ. வட்டக் கத்தியால் (பஞ்ச்) துணுக்கு எடுத்து, துணுக்கைப் போல் பத்து மடங்குக்குக் குறையாத 10% ஃபார்மலினில் போட்டு அனுப்பினார்கள். களிம்பு அனைத்தையும் நிறுத்தச் சொல்லி, அரிப்புக்கு இரவில் ஒரு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள்.

அறிக்கை வந்தபோது

பயாப்ஸி வேண்டுகோள் படிவத்தில் ‘நாள்பட்ட எக்சிமா?’ என்று மட்டும் எழுதியிருந்தது. அறிக்கையும் அதற்கு ஏற்பவே வந்தது: மேல்தோலில் லேசான ஸ்பான்ஜியோசிஸ், அகாந்தோசிஸ், ஆங்காங்கே பாராகெரட்டோசிஸ், அடித்தோலின் மேற்பகுதியில் இரத்த நாளங்களைச் சுற்றி லிம்ஃபோசைட்டுகள் (ஒருவகை வெள்ளணுக்கள்), முடிவு ‘நாள்பட்ட ஸ்பான்ஜியாட்டிக் டெர்மடைட்டிஸ்’, அதாவது எக்சிமா வகை அழற்சி.

ஒவ்வொரு சொல்லும் சரி. ஸ்பான்ஜியோசிஸ் என்றால் மேல்தோல் செல்களுக்கு இடையே நீர் கோத்து அவை விலகி நிற்பது. அகாந்தோசிஸ் மேல்தோல் தடிப்பது. பாராகெரட்டோசிஸ் என்பது உட்கரு மறைந்திருக்க வேண்டிய கெரட்டின் படலத்தில் அது இன்னும் தங்கியிருப்பது. இந்த மூன்றும் எக்சிமாவிலும் வரும், படர்தாமரையிலும் வரும். வழக்கமான ஹெமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் பூஞ்சை இழை கெரட்டினோடு நிறம் கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். நோய்க்குறியியல் மருத்துவர் பூஞ்சையைத் தேட ஏதாவது குறிப்பு வேண்டும். படிவம் அந்தக் குறிப்பைத் தரவில்லை. எட்டு மாதக் களிம்பைப் பற்றியும் வளையத்துக்குள் வளையத்தைப் பற்றியும் படிவத்தில் எதுவும் இல்லை.

அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த மருந்து இன்னொரு ஸ்டீராய்டாகத்தான் இருந்திருக்கும். அதைத் தடுத்தது தோலே. களிம்பை நிறுத்திய பத்தாம் நாள் அவர் மறுபடி வந்தபோது அரிப்பு கடுமையாகியிருந்தது. ஆனால் விளிம்புகள் எல்லாம் சிவந்து செதிலோடு தெளிவாக எழுந்து நின்றன. புட்டத்து வளையத்தின் வெளி விளிம்பில் சுரண்டி எடுத்த இரண்டாவது கே.ஓ.எச்.சில் இழைகள் ஏராளம்.

உடனே நோய்க்குறியியல் மருத்துவரை ஃபோனில் அழைத்து வரலாற்றைச் சொன்னார்கள். அவர் துணுக்கைப் பதித்துவைத்த அதே மெழுகுக் கட்டியில் (பிளாக்) இன்னும் ஆழமான வெட்டுகள் எடுத்து, கிளைக்கோஜனை நீக்கும் டயாஸ்டேசோடு, பூஞ்சையை எடுத்துக்காட்டும் பி.ஏ.எஸ். சாயம் போட்டுப் பார்த்தார். கெரட்டின் படலத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் இருந்தன. மேலே கூடை முடைந்தது போன்ற இயல்பான கெரட்டின், கீழே நெருங்கிய கெரட்டின், இரண்டுக்கும் நடுவே கருஞ்சிவப்பாக இழைகள். முக்கியமான இன்னொன்றும் தெரிந்தது: ஒரு மயிர்க்காலின் உள்ளேயும் இழை இறங்கியிருந்தது. களிம்பு மயிர்க்காலின் அடிவரை போதுமான அளவில் போய்ச் சேராது. வாய்வழி மருந்து வேண்டும் என்ற முடிவுக்கு இந்த ஒரு கண்டுபிடிப்பே போதும்.

சிகிச்சை: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஸ்டீராய்டு முழுவதும் நிறுத்தம். இத்தனை மாதம் உடலில் இறங்கிய ஸ்டீராய்டு அட்ரீனல் சுரப்பியை அடக்கியிருக்கலாம் என்பதால் அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசாலின் காலை எட்டு மணி அளவு, இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றும் பார்த்தார்கள். மூன்றும் இயல்பு.

மாத்திரையாக இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து 100 மி.கி., தினம் இரு வேளை, சாப்பிட்ட உடனே. டெர்பினாஃபைனை முதலில் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இப்போது பரவலாக உள்ள பூஞ்சைக்கு, நேபாள, இந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயரிட்டார்கள். இதன் பல வகைகளில் டெர்பினாஃபைன் தாக்கும் ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ் நொதியின் மரபணு மாறியிருக்கிறது. அவற்றில் அந்த மருந்து எடுபடுவதில்லை. இந்த நோயாளியின் பூஞ்சை எது என்று உறுதிசெய்ய மரபணு வரிசை பார்க்க வேண்டும், அதற்கு அங்கே வசதியில்லை. எட்டு மாதம் டெர்பினாஃபைன் கலந்த களிம்பிலேயே வளர்ந்த பூஞ்சை என்பதால் வேறு மருந்தே சரி என்று முடிவு செய்தார்கள். தொடங்கும் முன் கல்லீரல் சோதனை. மூச்சிரைப்பு, கால் வீக்கம், இதய நோய் உண்டா என்ற கேள்வி. இதயம் செயலிழந்தவருக்கு இட்ராகோனசோல் ஆகாது.

மேலே பூச லுலிகோனசோல் 1% பூஞ்சைக் களிம்பு, தினம் ஒரு முறை. திட்டின் மேல் மட்டுமல்ல, விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை. தோல் சரியானதாகத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம்.

மனைவிக்கு மார்புக்குக் கீழும் இடுப்பிலும் திட்டு இருந்தது. தாய்ப்பால் கொடுப்பதால் மாத்திரை தவிர்த்து களிம்பு மட்டும். குழந்தை வாய் வைக்கும் இடத்தில் படாமல் பூசச் சொன்னார்கள்.

மகளின் கன்னத்தில் வெளிறிய திட்டு. அப்பா தன் களிம்பையே அவளுக்கும் தடவியிருந்தார். சுரண்டியதில் பூஞ்சை இல்லை. வெளிறிய திட்டு என்றால் தொழுநோயை நினைக்க வேண்டும். நினைத்து விலக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தார்கள், முழங்கையின் பின்னால் ஓடும் அல்னார் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். இரண்டும் இயல்பு. முகத்தில் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால், தொழுநோய்த் திட்டிலும் உணர்ச்சி தங்கியிருக்கலாம். ஆகவே உணர்ச்சி இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க நாள் குறித்தார்கள். உச்சந்தலையையும் விரல்களால் முடி விலக்கிப் பார்த்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை எழுதியே கொடுக்கப்பட்டன. ஆளுக்கொரு துண்டு. நோயுள்ளவர் துணி தனியாக, வெந்நீரில். உள்ளாடையை உள்புறம் வெளியே வரத் திருப்பி வெயிலில் காயவைத்து, தையல் மடிப்பில் இஸ்திரி. வேலைக்கு இரண்டாவது உள்ளாடை கொண்டுபோய் மதிய உணவு நேரத்தில் மாற்றுவது. ஜீன்ஸுக்குப் பதில் தளர்ந்த பருத்திக் கால்சட்டை. டெட்டால் விட்டுக் குளிப்பதும் நார் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

அரைஞாண் கயிறுதான் சிக்கலானது. நாள் முழுக்க வியர்வையில் ஊறி இரவிலும் காயாத கயிறு பூஞ்சைக்கு நல்ல இருப்பிடம். கழற்றச் சொன்னதும் அவருடைய தாயார் “ஆம்பளப் பையன் வெறும் இடுப்போட இருக்கக் கூடாதுங்க” என்று ஃபோனிலேயே மறுத்துவிட்டார். கட்டாயப்படுத்தியிருந்தால் மருத்துவமனைக்கு வரும்போது மட்டும் கயிறு கழன்றிருக்கும். பழைய கயிற்றை எறிந்துவிட்டு வெள்ளி அரைஞாண் போடலாம் என்றதும் அவரே சம்மதித்தார். வெள்ளி ஈரத்தை உறிஞ்சாது, சோப்புப் போட்டுக் கழுவலாம்.

தொடர்ந்தவை

மூன்றாம் வாரம் முன்னேற்றம் மிகக் குறைவு. அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று எண்ணும் முன் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். வயிறு எரிந்ததால் கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கியிருக்கிறார்: பான்டோபிரசோல், காலையில் வெறும் வயிற்றில். கூடவே டீயோடு இட்ராகோனசோலும். இட்ராகோனசோல் கேப்சூல் கரைய இரைப்பையில் அமிலமும் உணவும் வேண்டும். அமிலத்தை அடைத்து, வெறும் வயிற்றில் போட்டால் மருந்தில் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமலே போய்விடும். பான்டோபிரசோலை நிறுத்தி, காலை இட்லிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் அடுத்த நிமிடமே மாத்திரை என்று மாற்றினார்கள். வயிற்று எரிச்சலும் வரவில்லை; அது வெறும் வயிற்றுக் கேப்சூலால் வந்ததாகவே தோன்றுகிறது.

ஆறாம் வாரம் அரிப்பு நின்றது. எட்டு மாதத்தில் முதல்முறையாக இரவு முழுக்கத் தூங்கியதாகச் சொன்னார். ஒன்பதாம் வாரம் திட்டுகள் பழுப்பு நிறத் தடமாக மட்டும் இருந்தன. இரண்டு இடத்தில் சுரண்டிய கே.ஓ.எச்.சில் பூஞ்சை தெரியவில்லை. மேலும் இரண்டு வாரம் தொடர்ந்து நிறுத்தினார்கள். இடையே பார்த்த கல்லீரல் சோதனை இயல்பு.

மூன்று மாதம் கழித்து வலது தொடை இடுக்கில் சிறிய வளையம். கே.ஓ.எச்.சில் இழை உண்டு. மனைவி முழுக்கக் குணமாகியிருந்தார், மகளின் திட்டும் மறைந்திருந்தது. அதுவரை வராத தாயாரை வரச் சொன்னார்கள். தமக்கு ஒன்றுமில்லை என்றே சொன்னார். பாவாடை நாடா கட்டும் தடத்தில் இடுப்பைச் சுற்றிப் பட்டையாகப் படர்தாமரை இருந்தது. சர்க்கரை நோயும் உண்டு. சேலைத் தழும்பு என்று பல வருடமாக நினைத்திருக்கிறார். கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறார்; அதோடு இட்ராகோனசோல் சேர்த்தால் தசைச் சிதைவு ஆபத்து உண்டு. ஆகவே அவருக்கு டெர்பினாஃபைன் 250 மி.கி. கொடுத்து, ஆறாம் வாரம் எடுபடுகிறதா என்று பார்ப்பதாக முடிவு, எடுபட்டது. நோயாளிக்கு மறுபடி களிம்பு மட்டும், ஐந்து வாரம். அதன்பின் ஆறு மாதம் வரை குடும்பத்தில் யாருக்கும் திரும்பவில்லை.

தொடை வரிகள் சிவப்பிலிருந்து வெள்ளையாயின. அகலம் குறையவில்லை, குறையாது. அடித்தோலின் நார் அறுந்த இடம் அது.

மாற வேண்டியவை

பயாப்ஸியை முதல் நாளே எடுத்திருக்க வேண்டியதில்லை. களிம்பு தடவிக்கொண்டிருப்பவரின் முதல் கே.ஓ.எச்.சில் பூஞ்சை தெரியவில்லை என்றால், அவசர அறிகுறி எதுவும் இல்லாதபோது, ஏழு முதல் பத்து நாள் எதுவும் பூசாமல் இருக்கச் சொல்லி, புதிதாக எழும் விளிம்பில் மறுபடி சுரண்டுவதே சரியான வரிசை. அந்தப் பத்து நாள் அரிப்பு கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி ஐந்தாம் நாள் பழைய களிம்புக்கே போய்விடுவார். மயிர்க்கால் தகவல் பயாப்ஸியால்தான் கிடைத்தது என்ற வாதம் உண்டு. ஆனால் இத்தனை பரவிய, ஸ்டீராய்டு பட்ட நோய்க்கு வாய்வழி மருந்து எப்படியும் வேண்டியிருந்திருக்கும்.

பயாப்ஸி எடுத்தால் படிவத்தில் நான்கு செய்திகள் கட்டாயம்: திட்டின் வர்ணனை, கால அளவு, தடவிய அனைத்தின் பெயர், ‘பூஞ்சை உண்டா, பி.ஏ.எஸ். தேவை’ என்ற நேரடிக் கேள்வி. களிம்பின் பெயர் நோயாளிக்கு நினைவில்லை என்றால் டியூபையே கொண்டுவரச் சொல்ல வேண்டும். உறையில் மருந்துகளின் பெயர் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். -சோல், -சால் என்று முடிவதெல்லாம் பூஞ்சை மருந்து என்று எண்ணிவிடக் கூடாது, ஸ்டீராய்டான குளோபிடாசாலும் அப்படித்தான் முடிகிறது.

2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றில் சேர்த்தது. இந்தக் குடும்பம் வாங்கிய டியூப்கள் எதற்கும் சீட்டு இல்லை. சீட்டுக் கேட்டு ஒருவர் திருப்பியனுப்பியிருந்தால் நோய் தொடை இடுக்கில் ஒரு வட்டமாக இருந்தபோதே, இரண்டு மூன்று வார வெறும் பூஞ்சைக் களிம்போடு முடிந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

வீட்டில் எல்லோரையும், தமக்கு ஒன்றுமில்லை என்பவரையும், முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள்: அரைஞாண் தடம், பாவாடை நாடாத் தடம், மார்பின் கீழ் மடிப்பு, புட்டம், கால் விரல் இடுக்கு, நகம், குழந்தைகளுக்கு உச்சந்தலை. பெண்களைத் தனி அறையில் பெண் ஊழியர் உடனிருக்கப் பார்ப்பதற்கு ஏற்பாடு இருந்தால்தான் இது நடக்கும். தாயார் இத்தனை மாதம் தாமதமாக வந்ததற்கு, இடுப்பைக் காட்ட வேண்டியிருக்கும் என்ற கூச்சமும் ஒரு காரணம் என்று பின்னர் மருமகளிடம் சொல்லியிருக்கிறார்.